அந்தப் பாட்டு மூன்று சகோதரிகளுடையது அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், பழைய மேனாட்டு இசைத்தட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைக் கீழக்கரையில் என் வீட்டு முற்றத்தில் அமர்ந்து இரண்டு முறை வாசித்தேன். 1930களின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் முடியும் வரை அமெரிக்காவின் நடன அரங்குகளிலும் வானொலிகளிலும் கோலோச்சிய, ஸ்விங் என்னும் துள்ளல் நடை ஜாஸ் இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அக்கட்டுரையில் ‘பை மிர் பிஸ்து ஷேன்’ என்ற பாடலைப் பற்றி எழுதப்பட்டிருந்த மூன்று வரிகள் அந்த மகிழ்ச்சியைக் குலைத்துவிட்டன. அது ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்ற அமெரிக்கப் பாடகியர் மூவரின் சொந்தப் பாடல் என்றும், 1937இல் பிறந்தது என்றும், அதன் முதலடி ஜெர்மன் மொழியில் அமைந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மூன்றுமே பிழை. பாடலை ஆக்கியவர்கள் வேறு இருவர். அது பிறந்தது 1932இல். அதன் மொழி ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ். சிறு பிழைதானே என்று இதைக் கடந்து போக என்னால் இயலவில்லை. ஆக்கியவர் கையை விட்டு ஒரு பாட்டு எப்படி நழுவுகிறது என்பதை இந்தப் பாடலின் வரலாற்றைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

இந்தப் பாடல் எங்கள் வீட்டுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வாப்பா இளம் வயதிலேயே கொழும்புக்குச் சென்று புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் அந்த நாளில் வீட்டுக்கு ஒருவராவது இலங்கையில் பிழைத்தனர் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தபின், கொழும்பு நகரம் ஆங்கிலேய, அமெரிக்கப் படைவீரர்களால் நிறைந்தது. அவர்களுக்கென்றே நடத்தப்பட்ட வானொலியிலிருந்து ஸ்விங் இசை கடைத்தெரு வரைக்கும் கேட்டது. போர் முடிந்து படைகள் புறப்பட்டபோது மலிவு விலைக்கு வந்த பொருள்களோடு ஒரு கிராமபோன் பெட்டியையும், நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பதினான்கு இசைத்தட்டுகளையும் வாப்பா வாங்கினார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்துக்கு வரத் தொடங்கிய பிறகு, ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்து அவர் வந்து இறங்கியபோது, துணி மூட்டைகளுக்கு நடுவில் போர்வை சுற்றி அந்தப் பெட்டியும் வந்தது. பதினான்கு தட்டுகளில் இரண்டு வழியிலேயே உடைந்திருந்தன. மிஞ்சிய பன்னிரண்டில் ஒன்றுதான் இந்தப் பாட்டு.

அந்த முதலடியின் பொருள் வாப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் பல ஆண்டுகள் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அதைத் தேடிப் படித்தேன். ‘எனக்கு நீ அழகு’ என்பதே அதன் பொருள். இன்னும் சரியாகச் சொன்னால், ‘என் கண்ணுக்கு நீ அழகு’. மற்றவர் கண்ணுக்கு எப்படியோ, என் கண்ணுக்கு நீ அழகு என்ற அழுத்தம் அந்த முதல் இரண்டு சொற்களிலேயே இருக்கிறது.

யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் வாழ்ந்த யூதர்களின் வீட்டு மொழி. அதன் உடல் பழைய ஜெர்மன். அதற்குள் எபிரேயச் சொற்களும் போலிஷ், ரஷ்யன் முதலான சிலாவிய மொழிச் சொற்களும் கலந்துள்ளன. எழுதப்படுவதோ எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. இதைத் தமிழ்நாட்டின் வேறு பகுதியினருக்கு விளக்குவது கடினமாக இருக்கலாம். எங்கள் கடற்கரையில் அப்படியில்லை. தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென்று அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, வலமிருந்து இடமாக எழுதிய அர்வி என்னும் அரபுத்தமிழ் இங்கே பல நூற்றாண்டுகள் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் எழுதிய நூல்கள் எங்கள் வீடுகளில் ஓதப்பட்டன. அர்வியைக் கண்டு இது அரபு மொழி என்று ஒருவர் எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் யித்திஷ் அடியை ஜெர்மன் என்று எழுதுவதும்.

ஆனால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வது முறையாகாது. அவரை வழிமாற்றியது பாடலின் பெயரைப் பிற்காலப் பதிப்பாளர்கள் அச்சிட்ட விதம். முதல் இசைக்குறிப்பில் யித்திஷ் ஒலிப்பின்படி இருந்த பெயர், 1937இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது ஜெர்மன் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றப்பட்டது. அந்தச் சிறு மாற்றம் ஒரு கொடிய விளைவையும் உண்டாக்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டுக்கு இசையமைத்தவர் ஷோலோம் செக்குண்டா. இன்றைய உக்ரைன் நாட்டில் 1894இல் பிறந்தவர். சிறுவயதிலேயே யூதத் தொழுகைக் கூடங்களில் இறைவேண்டல்களை இராகத்தோடு பாடிப் பெயர் பெற்றவர். 1907இல் குடும்பத்தோடு நியூயார்க் வந்து, முறையாக மேனாட்டு இசை கற்று, யித்திஷ் நாடக மேடைக்கு இசையமைப்பாளரானார். பாடலை எழுதியவர் ஜேக்கப் ஜேக்கப்ஸ். அவரும் அதே மேடையின் நடிகர், பாடலாசிரியர். 1932இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பார்க்வே அரங்கில் நடந்த ஒரு நகைச்சுவை இசை நாடகத்துக்காக இருவரும் இதை ஆக்கினார்கள். ‘வாழலாம், ஆனால் வாழ விடமாட்டார்கள்’ என்பது அந்த நாடகத்தின் யித்திஷ் பெயருக்குப் பொருள். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருவீழ்ச்சி உச்சத்தில் இருந்த ஆண்டு அது என்பதை நினைத்தால், அரங்கிற்கு வந்த தையல் தொழிலாளிகளும் தள்ளுவண்டி வியாபாரிகளும் அந்தப் பெயரை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஆரன் லெபெடெஃப் என்ற புகழ்பெற்ற நடிகர் மேடையில் பாடினார். பாட்டு அரங்கில் வெற்றி பெற்றது. நாடகமோ ஒரு பருவத்தோடு நின்றது.

அந்த மூலப்பாட்டின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்று உலகம் அறிந்த ஆங்கில வடிவத்தில் அது இல்லை. மூலத்தில் அது காதலர் இருவருக்கு இடையிலான உரையாடல். உனக்குப் பூனைக்கண் இருந்தாலும் சரி, நீ கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாப் பகுதியைச் சேர்ந்தவராய் இருந்தாலும் சரி, எனக்கு நீ அழகுதான் என்று குறைகளை அடுக்கி அடுக்கிச் சொல்லும் பாட்டு அது. கலீசியா யூதர்களை மற்றப் பகுதி யூதர்கள் சீண்டுவது, நம் கடற்கரையில் ஓர் ஊர்க்காரர் அடுத்த ஊர்க்காரரைப் பேச்சுக்கும் சமையலுக்கும் சீண்டுவது போன்ற உரிமையுள்ள சீண்டல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற நம் பழமொழியின் உள்ளம்தான் அதில் பேசுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் குறைகள் எல்லாம் போய்விட்டன. அழகு என்ற சொல்லுக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன பெயர் என்று தேடும் பாட்டாக அது மாறிவிட்டது. அந்த ஆங்கில வடிவமும் திறமையானதே. ஆனால் மூலத்தில் இருந்த கனிவை, ஏழைக் குடியிருப்பின் மணத்தை நான் அதில் காணவில்லை.

நாடகம் நின்றபின் ஐந்து ஆண்டுகள் பாட்டு செக்குண்டாவின் கையிலேயே கிடந்தது. ஹாலிவுட்டில் புகழோடு இருந்த எட்டி கேன்ட்டர் என்ற நடிகரிடம் அவர் இதைக் கொண்டு சென்றார் என்றும், யூத வாடை அதிகம் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. யித்திஷ் நாடகத் தொழிலும் அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து புதியவர்கள் வருவதை ஏறக்குறைய அடைத்துவிட்டதால், அந்த மொழியை நாடும் புதிய பார்வையாளர்கள் அரங்குக்கு வரவில்லை. ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். இந்த நிலையில் 1937இல், கல்யாண வீடுகளில் வாசிக்கும் இசைக்கலைஞர்களுக்காக யூத இசைக்குறிப்புகளை அச்சிட்டு விற்ற கேமன் சகோதரர்களின் பதிப்பகத்துக்கு, செக்குண்டா பாட்டின் உரிமையை 30 டாலருக்கு விற்றார். அதில் பாதியை ஜேக்கப்ஸுக்குக் கொடுத்தார். ஆளுக்கு 15 டாலர். அன்றைய நாணய மாற்றில் 30 டாலர் என்பது ஏறத்தாழ 80 ரூபாய்.

இந்த விற்பனையை ஏமாற்று என்று நான் எழுதமாட்டேன். அன்று அந்த வட்டாரத்தில் பாட்டுக்கு நடந்த விலை அதுதான். விற்றவரும் வாங்கியவரும் அந்தப் பாட்டு புரூக்ளின் பாலத்தைக் கடக்கும் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை. துன்பம் அந்த விலையில் இல்லை. இனி எப்போதைக்குமாக என்று எழுதிக் கையொப்பமிடும் வழக்கத்தில்தான் அது இருந்தது.

அதே 1937இல், சாமி கான் என்ற இளம் பாடலாசிரியர் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற மேடையான அப்போலோ அரங்குக்குச் சென்றிருந்தார். அங்கே ஜானி, ஜார்ஜ் என்ற இரண்டு கறுப்பினப் பாடகர்கள் இந்தப் பாட்டை யித்திஷ் மொழியிலேயே பாடினார்கள். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பாட்டின் சொல் அவர்களுக்குப் புரிய வழியில்லை. ஆயினும் அரங்கமே ஆடியது. மொழி தெரிந்த கான், மொழி தெரியாதவர்களின் மகிழ்ச்சியைக் கண்டு திகைத்தார். இந்த இடத்தை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. அமெரிக்காவின் இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகங்களில் ஒன்றின் பாட்டை மற்றொன்றின் பிள்ளைகள் அதன் சொல்லைக் கூட மாற்றாமல் பாடியிருக்கிறார்கள். பாட்டு உலகத்துக்குப் போன வாசல் அதுதான். இருந்தும் அந்த இருவரின் பெயரைத் தங்கள் கட்டுரையும் சொல்லவில்லை. இந்தப் பாடலைப் பற்றி நான் தமிழில் படித்த வேறெந்தக் குறிப்பும் சொன்னதில்லை.

கானும் அவருடைய தோழர் சால் சாப்ளினும் தம்முடன் தொழில் செய்த பதிப்பகத்தைக் கொண்டு உரிமையை வாங்கச் செய்து, ஆங்கிலச் சொற்களை எழுதினார்கள். முதலடியை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். பிறகு, அதுவரை பெயர் பெறாத மூன்று சகோதரிகளிடம் பாட்டு சென்றது. லவேர்ன், மேக்ஸீன், பாட்டி என்ற அந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸைச் சேர்ந்தவர்கள். தந்தை கிரேக்கர், தாய் நார்வே மரபினர். யித்திஷ் அவர்களுக்கும் புதிது. 1937 நவம்பர் 24ஆம் நாள் டெக்கா நிறுவனத்துக்காக அவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். 1938 பிறந்தபோது நாடெங்கும் முதலிடத்தில் இருந்த பாட்டு இதுவே. பெண்கள் குழு ஒன்று தங்க இசைத்தட்டுப் பெற்றது அதுவே முதல் முறை.

அவர்கள் பாடிய விதத்தைக் குறைத்து மதிப்பிட என் மனம் ஒப்பாது. மூன்று குரலும் ஒரே குடும்பத்துக் குரல் என்பதால் மூச்சு விடும் இடமும் சொல்லை வெட்டும் இடமும் ஒன்றாகவே விழுகின்றன. ஒரு குரல் முன்னே செல்ல, இரண்டு குரல்கள் அதன் தோளில் கைபோட்டு நடப்பது போல் உடன் செல்கின்றன. செக்குண்டாவின் மெட்டு மைனர் எனப்படும் சுரவரிசையில் அமைந்தது. நம் காதுக்குக் கீரவாணியின் சாயல் அதில் தட்டுப்படும். தொழுகைக் கூடத்தில் பிறந்த அந்தத் துயரச் சாயலை வைத்துக்கொண்டே, தாளத்தை மட்டும் எதிரடியில் தள்ளித் துள்ள வைத்ததுதான் ஸ்விங் செய்த மாயம். அழவேண்டிய மெட்டு ஆடுகிறது. ஆடும்போதும் அதன் அடியில் ஒரு நனைவு இருக்கிறது. என் வாப்பா சொல் புரியாமலே அந்தத் தட்டை மட்டும் தேய்ந்து இரையும் வரை கேட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1938 ஜனவரி 16ஆம் நாள், நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் பென்னி குட்மன் நடத்திய புகழ்பெற்ற ஜாஸ் கச்சேரியில் மார்த்தா டில்டன் இதைப் பாடினார். நடுவில் ஸிக்கி எல்மன் தம் டிரம்பெட்டில் யூதக் கல்யாண வீட்டு இசையின் நடையை வாசித்துப் பாட்டைச் சில நொடிகள் அதன் பிறந்த வீட்டுக்கே அழைத்துச் சென்றார். குட்மனும் எல்மனும் யூதர்கள். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கட்டுரையாளர் அதைக் கேட்டிருந்தால் ஜெர்மன் என்று எழுதியிருக்க மாட்டார்.

இப்போது அந்த எழுத்துக்கூட்டலின் விளைவுக்கு வருகிறேன். பாட்டு ஹிட்லரின் ஜெர்மனிக்கும் சென்றது. தலைப்பைக் கண்டு தங்கள் நாட்டு வட்டார வழக்கு என்று எண்ணி அங்கே மக்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். ஆக்கியவர்கள் யூதர்கள் என்று தெரிந்ததும் பாட்டு தடை செய்யப்பட்டது. மறுபுறம் சோவியத் நாட்டில் இதே மெட்டுக்கு ரஷ்ய மொழியில் ஒரு துறைமுகப் பாட்டு எழுதப்பட்டது. போர்க்காலத்தில் நாஜிப் படையை எள்ளி நகையாடும் பாட்டாக லியோனித் உத்தியோசவ் இந்த மெட்டைப் பாடினார். போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பேசிய மொழி யித்திஷ். நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் அந்த மொழியினர். ஆகவே ஐயா, இந்த ஓர் அடியை ஜெர்மன் என்று குறிப்பிடுவது வெறும் தகவல் பிழையாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மொழியைப் பேசியவர்களுக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் அப்படி எழுத மனம் கூசுவார்கள். கட்டுரையாளர் அறிந்து செய்தார் என்று நான் சொல்லவில்லை. அறிந்த பின் திருத்த வேண்டும் என்றே கேட்கிறேன்.

பாட்டு 28 ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் டாலர் ஈட்டியது என்று கணக்கிடப்படுகிறது. அக்காலம் முழுவதும் செக்குண்டா நியூயார்க்கிலேயே, இசையமைத்தும் கச்சேரிகளை நடத்தியும், பிழைப்புக்குக் குறைவின்றியும் பெருஞ்செல்வமின்றியும் வாழ்ந்தார். அவருடைய தாயார், தாம் செய்த ஏதோ ஒரு பாவத்துக்காகவே இறைவன் மகனைத் தண்டித்தான் என்று நம்பி, நாள்தோறும் தொழுகைக் கூடத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. செக்குண்டாவோ அந்தக் கசப்பில் உறைந்துவிடவில்லை. 1940களின் தொடக்கத்தில் ஆரன் செய்ட்லின் எழுதிய சொற்களுக்கு, சந்தைக்குக் கொண்டுசெல்லப்படும் ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிய பாட்டுக்கு, அவர் இசையமைத்தார். 1960இல் ஜோன் பயஸ் தம் முதல் இசைத்தட்டில் பாடி உலகெங்கும் பரப்பிய ‘டோனா டோனா’ அதுதான். அதையும் பயஸின் பாட்டு என்றே பலரும் அறிவர்.

விற்றுவிட்ட பாட்டு அவரிடம் திரும்பி வந்தது சட்டத்தின் ஒரு நுட்பத்தால். அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமைக் காலத்தை இரண்டு பகுதியாக வகுத்திருந்தது. முதல் 28 ஆண்டுகள் முடிந்ததும், ஆக்கியவர் உயிரோடு இருந்தால், அடுத்த 28 ஆண்டுகளுக்கான புதுப்பிப்பு அவருக்குரியது. வறுமையில் விற்றுவிட்ட எழுத்தாளருக்கு வாழ்நாளில் இரண்டாவது வாய்ப்பு ஒன்று கிடைக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். 1961இல் முதற்காலம் முடிந்தது; உரிமை செக்குண்டாவுக்கும் ஜேக்கப்ஸுக்கும் மீண்டது; அவர்கள் ஒரு பெரிய பதிப்பகத்தோடு முறையான பங்குத்தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செக்குண்டாவுக்கு அப்போது வயது 66. அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்து 1974இல் காலமானார்.

இத்தனை தூரத்துக் கதையை ஒரு கீழக்கரைக்காரர் ஏன் இவ்வளவு நெஞ்சோடு எழுதுகிறார் என்று தாங்கள் கேட்கலாம். என் உம்மம்மா, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, பாட்டுக் கட்டுபவர். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சுற்றி அமர்ந்து பெண்கள் பாடும் பாட்டுகளும், தொட்டில் பாட்டுகளும், சங்கு குளிக்கக் கடலுக்குள் போனவரைக் கரையில் நின்று நினைக்கும் பாட்டு ஒன்றும் அவர் கட்டியவை. கட்டிய பாட்டை அர்வி எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. 1980களில் ஒலிநாடாக்கள் எங்கும் பெருகியபோது, வெளியூரிலிருந்து சிலர் வந்து, திண்ணையில் ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்து, அவரைப் பாட வைத்து எடுத்துச் சென்றார்கள். ஒரு சேலையும் 100 ரூபாயும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டுகளில் ஆறு, வேறு குரலில், மேளத்தோடு ஒலிநாடாவாக வந்தன. அட்டையில் ‘மரபுப் பாடல்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உம்மம்மா கோபப்படவில்லை. தம் பாட்டுக் கடைத்தெருவில் கேட்கிறது என்று மகிழ்ந்தார். ஆனால் அட்டையை என்னிடம் கொடுத்து, இதில் என் பெயர் எங்கே இருக்கிறது, படித்துக் காட்டு என்று கேட்டார். நான் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மரபு என்ற சொல் மிக உயர்ந்தது. பெயர் தெரியாத பல தலைமுறையினர் சேர்ந்து இழைத்த ஏலேலோப் பாட்டுக்கு அது பொருந்தும். திண்ணையில் உட்கார்ந்து தாமே கட்டிப் பாடும் மனுஷியின் பாட்டுக்கு அது பொருந்தாது. பணத்தைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் எழுதிக் கொடுத்த பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை விற்றுவிட்டாலும், பாட்டு ஈட்டும் தொகையில் தமக்குரிய பங்கை இழப்பதில்லை. அந்தப் பங்கைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. செக்குண்டா பல்லாண்டு காத்திருந்து பெற்றதை, இன்றைய தமிழ்ப் பாடலாசிரியர் முதல் நாளிலிருந்தே பெறலாம். ஆயினும் பெயர் தெரிந்தால்தானே பங்கு. பெயரை அச்சிடும் வேலை சட்டத்தால் மட்டும் நடப்பதில்லை. அது இதழ்களின் கையிலும் வானொலிகளின் கையிலும் இருக்கிறது.

இதில் எங்கள் கடற்கரைக்கு ஒரு நல்ல பழக்கம் காதுவழி வந்திருக்கிறது. திருச்சி வானொலியை விட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட ஊர்கள் எங்களுடையவை. அதன் தமிழ்ச் சேவை அறிவிப்பாளர்கள் பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒவ்வொன்றாக, அவசரமின்றிச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் எந்தப் பாட்டு யார் எழுதியது என்று தெரிந்திருந்தது அதனால்தான். பாம்பன் வெளிச்சவீட்டுப் பக்கம் வலை பின்னிக்கொண்டே, ஒரு பாட்டின் முதல் இசையைக் கேட்டதும் பாடலாசிரியர் பெயரைச் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று கைப்பேசியில் பாட்டு வரும்போது பாடியவர் பெயர் மட்டுமே முன்னால் நிற்கிறது. பல வேளை நடித்தவர் பெயர்தான் நிற்கிறது. தங்கள் ஞாயிறு இணைப்பும் அந்த வழக்கத்துக்கு இடம் கொடுத்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஒரு பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுத நேர்ந்தாலும், அதில் எழுதியவர் பெயருக்கும் இசையமைத்தவர் பெயருக்கும் இடம் கொடுங்கள். பிறகு பாடியவரைப் புகழுங்கள். நம் பக்கத்துப் பாட்டானால், மரபு என்று எழுதுமுன், கட்டியவர் ஊரில் யாரேனும் இருக்கிறாரா என்று தங்கள் நிருபர் ஒருமுறை விசாரிக்கட்டும்.

உம்மம்மாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உப்புக்காற்றில் ஓரங்கள் பொடிந்துவிட்டன. அர்வி வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இப்போது மூவர் மட்டுமே உள்ளனர். அவர்களுள் ஒருவரை வைத்து அந்தப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வருகிறேன். இதுவரை 19 பாட்டுகள் முடிந்துள்ளன. தாங்கள் விரும்பினால் படியெடுத்து அனுப்பி வைப்பேன்.

தற்போதைக்கு, வரும் ஞாயிறு இணைப்பின் ஓர் ஓரத்தில் கீழ்க்காணும் திருத்தத்தை வெளியிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: “‘பை மிர் பிஸ்து ஷேன்’, யித்திஷ் மொழிப் பாடல், 1932. எழுதியவர் ஜேக்கப் ஜேக்கப்ஸ். இசை ஷோலோம் செக்குண்டா. ஆங்கில வடிவம் சாமி கான், சால் சாப்ளின். 1937இல் பாடியவர்கள் ஆண்ட்ரூஸ் சகோதரிகள்.”

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.